கருகிய முற்றம்

காலை ஏழு மணிக்கு ஆகெதா போட்ட அலறலில் சந்து முழுவதும் விழித்துக்கொண்டது.

அவளுடைய முற்றத்தின் நான்கு சுவர்களிலும் தொங்கிய சட்டிகளில் ஜெரேனியம், ரோஜா, கார்னேஷன் எல்லாம் ஒரே இரவில் தலைசாய்ந்து கிடந்தன. இலைகளின் ஓரம் தீயில் வாட்டியது போலிருந்தது. அன்று மாலைதான் பூமுற்றப் போட்டியின் நடுவர்கள் வரவிருந்தார்கள். ஸ்பெயினின் கொர்தோபா நகரில் மே மாதம் எந்த முற்றத்துக்குப் பரிசு விழுகிறதோ, அங்கேதான் அடுத்த வருடம் வெளியூர்க் கூட்டம் வரிசைகட்டும். ஆகெதாவுக்கு அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றிருந்தது. பரிசு கிடைத்தால் வீட்டை விற்பதில்லை என்று தம்பி தமியான் வாக்குக் கொடுத்திருந்தான்.

நகரக் காவல் அதிகாரி காசில்டா வந்து முதலில் தெருக்கதவைப் பார்த்தாள். ராத்திரி உள்பக்கம் போட்ட இரும்புத் தாழ்ப்பாளை, போலீசுக்காகத்தான் ஆகெதா நீக்கியிருந்தாள். சுவர் ஏறிய தடம் இல்லை. இரவு வீட்டில் இருந்தவர்கள் அக்காவும் தம்பியும் மட்டுமே.

"இவன்தான் மேடம்! வீட்டை ஓட்டல்காரனுக்கு வித்துட்டு ஓடணும்னு துடிக்கிறான்."

"அக்கா, வாயை அடக்கு."

"நீ அடக்குடா! அம்மா கையால வச்ச செடிடா!"

போலீஸ் முன்னாலேயே அவன் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது.

எதிர்ச்சாரி மதுக்கடைக்காரன் பெனிக்னோ ஒரு கிண்ணத்தில் தக்காளிக் குழம்பைக் கொண்டுவந்து ஆகெதா முன் வைத்தான். அவன் கடை முற்றமும் போட்டியில் இருந்தது. ஆனாலும் ஆகெதா அவனைப் பகையாக நினைக்கவில்லை. கூட்டம் வரும் நாட்களில் அவன் ஒரு பெரிய துத்தநாகத் தொட்டியில் ஐஸ் போட்டு ஒயின் பாட்டில்களை அமிழ்த்தி இங்கேயே கொண்டுவந்து விற்பான்.

"ரெண்டு வாய் சாப்பிடு ஆகெதா. கூடப் பொறந்தவனே இப்படிப் பண்ணுவான்னு யார் கண்டா?"

"வேற யார்கூடச் சண்டை?" என்றாள் காசில்டா.

பதில் வாசலிலிருந்து வந்தது. சாப்பாட்டுச் சுற்றுலாக் கூட்டங்களை அழைத்து வரும் நோயேலியா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்கூடத்தான். எவனோ ஒருத்தன் பூவைக் கிள்ளினான்னு நேத்து என் ஆளுங்க மொத்தப் பேரையும் தொரத்திட்டா இந்தம்மா. அதுக்காக செடியைக் கொல்ல நான் என்ன லூசா? பூவும் சோறும்தான் என் பொழப்பே. இந்தாளு வித்த ஒயின் வேற! தொட்டி நெறையத் தண்ணி தளும்புது, பாட்டில் என்னடான்னா சூப்பு மாதிரி சுடுது. வெயில்ல வந்தவங்க என்னைத்தான் திட்டினாங்க."

"கூட்டத்துல ஐஸ் கரைஞ்சிடும்மா" என்று பெனிக்னோ சிரித்தான்.

காசில்டா சிரிக்கவில்லை. சமையலறை ஜன்னலில் ஒரே ஒரு சட்டி மட்டும் பச்சையாக நின்றது. அந்த ஊர் நத்தைச் சூப்பில் போடும் புதினா.

"இதுக்கு எந்தத் தண்ணி?"

"உள்ள இருக்கிற குழாய்த் தண்ணி" என்றாள் ஆகெதா. "மத்ததுக்கெல்லாம் முத்தத்துல இருக்கிற இந்தக் கல்தொட்டித் தண்ணிதான். நேத்துப் பொழுது சாயுறப்ப ஒரு சட்டி விடாம நானே ஊத்தினேன். ரோஜா முள்ளு கிழிச்ச கை திகுதிகுன்னு எரிஞ்சுது. அப்பவும் விடல."

"முள்ளு எப்பக் கிழிச்சது?"

"காலையில."

"அப்ப எரியல. தண்ணி ஊத்துறப்பத்தான் எரிஞ்சுது. இல்லையா? கல்தொட்டிகிட்ட யார் போனது?"

"யாரும் போகல. பெனிக்னோ மட்டும்தான். மிச்சமாகுற ஐஸ்தண்ணியைத் தினம் அதுல ஊத்திட்டுப் போவான். வீணாகக் கூடாதுன்னு."

காசில்டா கல்தொட்டியின் அடியில் தேங்கியிருந்த ஈரத்தில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் சுளித்தது.

"ராத்திரி இங்க யாரும் வரல. வரத் தேவையும் இல்ல. விஷத்தைப் பகல்லயே வச்சாச்சு. இந்தம்மா தன் கையாலேயே அதை ஊத்தியிருக்காங்க. உப்புத்தண்ணி. உங்க கடையில ஆலிவ் ஊறப்போடுற தண்ணிதானே பெனிக்னோ?"

"ஒயின் நல்லாக் குளிரட்டும்னு ஐஸ்ல கொஞ்சம் உப்புப் போட்டேன். அதைக் கவனிக்காம ஊத்திட்டேன். தப்புதான். அதுக்குப் போய்..."

"உப்புப் போட்ட ஐஸ்ல ஒயின் பல்லு கூசுற மாதிரி இருக்கும். நேத்து உங்க பாட்டில் சுட்டிருக்கு. தொட்டியில ஐஸே இல்ல. கடையிலேர்ந்து கெளம்பும்போதே வெறும் உப்புத்தண்ணியைத்தான் தூக்கிட்டு வந்திருக்கீங்க. விக்கிறதுக்கா வந்தீங்க? இல்ல, கடைசியில ஊத்துறதுக்கு."

பெனிக்னோவின் சிரிப்பு அறுந்தது.

"ஆமா! எட்டு வருஷமா நானும் பூ வளர்க்கிறேன். ஒரு நாய்கூட எட்டிப் பார்க்கல. எல்லாரும் இவ வாசல்ல. நான் இவளுக்கு எடுபிடியா?"

ஆகெதா கிண்ணத்தை அவன் நெஞ்சில் வீசினாள். சிவந்த குழம்பு வழிந்த சட்டையுடனேயே காசில்டா அவனை ஜீப்பில் ஏற்றினாள்.

நோயேலியாவும் போனபின் வீட்டில் அக்காவும் தம்பியும் மிஞ்சினார்கள். தமியான் மாடியிலிருந்து பையுடன் இறங்கி வந்தான். ஆகெதா மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தாள். வெளியே வந்தது வேறு.

"போறதுன்னா சாவியை வச்சுட்டுப் போ."

"சாவி என்கிட்டயே இருக்கட்டும்" என்றான் அவன். "நாளைக்கு வீட்டைக் காட்ட ஓட்டல்காரங்களைக் கூட்டிட்டு வரணும்."