பதினொன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில்

காலையில் கிளம்பிப்போன விருந்தினர் வாடகைத் தளத்தில் எழுதியிருந்ததை அவள் மூன்றாவது முறையாகப் படித்தாள். "வீடு சுத்தமா இருந்தது. ஏரி நல்லா தெரியுது. ஆனா குளியலறையை உங்க வீட்டுப் பொண்ணோட பகிர்ந்துக்கணும்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம். பாவம், அமைதியான பொண்ணுதான். உள்ள போனா வெளியவே வர மாட்டேங்கிறா." ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.

அவளுக்குப் பெண் கிடையாது. அந்த வீட்டில் யாரும் குடியிருக்கவும் இல்லை.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஊரிலிருந்த கணவனை அழைத்தாள்.

"மூணா? வேற வீட்டுக்குப் போட வேண்டியதை நமக்குப் போட்டிருப்பான். எடுக்கச் சொல்லு. இல்லன்னா பட்டியல்ல கீழ தள்ளிடுவாங்க."

"பொண்ணுன்னு எழுதியிருக்காங்க."

"ரெண்டு மணிக்கு அடுத்தவங்க வந்துடுவாங்க. சின்னப் பசங்க இருக்கு. சீக்கிரம் முடி," என்று வைத்துவிட்டான். அவனுக்கு நடந்ததில் பாதிதான் தெரியும்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். வாங்கி வாடகைக்கு விட்டுப் பார் என்று அதோடு சேர்த்துக்கொள்ளலாம் என்பது அவன் வழக்கமாகச் சொல்லும் ஜோக். சேமிப்பையெல்லாம் துடைத்து, ஏரிக்கரையில் இந்த வீட்டை வாங்கியபோது, சனி ஞாயிறு நிரம்பினாலே போதும், தவணை தானாக அடையும் என்றார்கள். நிரம்பத்தான் செய்தது. ஆனால் விரிப்புத் துவைக்க, உடைந்த குழாய் மாற்ற, வேலைக்காரிக்குக் கொடுக்க என்று சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் ஆயிற்று. வேலைக்காரியை நிறுத்திவிட்டு, பதினொன்றுக்கு ஒரு கூட்டம் போய் இரண்டுக்கு அடுத்த கூட்டம் வருவதற்குள் அவளே வந்து பெருக்கித் துடைத்துவிட்டுப் போகலானாள். நட்சத்திரங்களை அவள்தான் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், போன குளிர்காலத்தில், ஒருவர் எழுதினார்: குளியலறையில் குளிர்காற்று தாங்கவில்லை.

குளியலறையில் அப்போது கேஸ் கீசர் இருந்தது. அதற்கு மேலே, உத்தரத்தை ஒட்டி, காற்றுப் போக ஒரு சதுரத் துளை. பழைய மெத்தையிலிருந்து ஒரு துண்டு நுரையை வெட்டி அதில் அடைத்தாள். மேலே வெள்ளைக் காகித டேப்பை வரிவரியாக ஒட்டி, ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் ஓரத்திலிருந்து ஓரம் வரை அழுத்தி நீவி, சுண்ணாம்பு பூசினாள். பார்த்தால் சுவர்தான். அடுத்து வந்தவர்கள் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்கள். குளியலறை கதகதப்பாக இருக்கிறதாம்.

அதற்கடுத்து ஓர் இளம்பெண் தனியாக வந்தாள். ஏதோ பரீட்சை எழுதி முடித்திருந்தாள், இரண்டு நாள் தூங்க வேண்டும் என்று போனில் சிரித்தாள். அவள் கிளம்பும் நாளில் பதினொரு மணிக்கு இவள் சாவியைத் திரும்ப வாங்க வந்தபோது குளியலறை உள்ளே தாழிட்டிருந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தாழ்ப்பாளைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே போனவள், தரையில் கிடந்த பெண்ணைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, நுரையைப் பிய்த்துக் கைப்பைக்குள் திணித்தாள். அதற்கு அப்புறம்தான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள்.

கீசரின் நச்சுப் புகையில் தூக்கம் வருவதுபோல மயங்கியிருக்கிறாள், உயிர் போய்ப் பல மணி நேரம் ஆகியிருந்தது என்றார் டாக்டர். ஆனால் ஸ்டூலில் ஏறும்போது அவளுக்கு அது தெரியாது. அந்த ஒன்றை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

பழி கீசர் மெக்கானிக் மேல் விழுந்தது. பர்னரைச் சரியாகப் பார்க்கவில்லை என்று அவன் உரிமத்தைப் பிடுங்கினார்கள். "காத்துப் போற வழியை ஒரு வாட்டிக்கு ரெண்டு வாட்டி பாத்துட்டுத்தான் போனேன். நீங்களே சொல்லுங்கக்கா," என்று விசாரணையில் எல்லோர் முன்னாலும் அவளைப் பார்த்துக் கெஞ்சினான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மின்சார கீசர் மாட்டினார்கள். ஒரு வருடமாக வீடு லாபத்தில் ஓடுகிறது.

வெளியே ஏரியிலிருந்து பனி எழுந்து ஜன்னல்களை மூடியிருந்தது. பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டியிருந்தது. படுக்கை விரிப்பை உதறி மடித்துக்கொண்டிருந்தவளுக்கு, எங்கோ தண்ணீர் வாளியில் விழும் சத்தமும், அது நிரம்பி வழியும்போது மாறுகிற சத்தமும், பிறகு யாரோ குழாயைத் திருகி மூடுகிற மெல்லிய கிறீச்சும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டன. அவள் கை விரிப்போடு நின்றது.

குளியலறைக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே யாருமில்லை. வாளி நிறைய வெந்நீர், ஆவி பறந்துகொண்டிருந்தது. கீசர் அணைந்திருந்தது. ஒரு வருடமாக இல்லாத வாடை வந்தது, எரிந்த கேஸ் வாடை. தலையின் பின்பக்கம் மெல்ல வலிக்கத் தொடங்கியது. தூக்கம் வந்தது. இந்த நேரத்தில் என்ன தூக்கம் என்று நினைத்தாள். பிறகு அது என்ன தூக்கம் என்று புரிந்தது.

ஜன்னலைத் திறக்க ஓடினாள். கொக்கி எடுத்தும் கதவு அசையவில்லை. சட்டத்தின் ஓரத்தைத் தடவினாள். வழவழவென்று இருந்தது. வெள்ளை டேப். நகத்தால் கீறினாள். ஈரம். இப்போதுதான் ஒட்டியது.

அடுத்த ஜன்னல். அதுவும்.

சமையலறை. அங்கே பாதி ஒட்டியிருந்தது.

வாசலுக்கு ஓடி வெளியே விழுந்தாள். பனியை வாய் நிறைய இழுத்தாள். அப்போது ஒரு கார் வந்து நின்றது. ஒன்றரைதான் ஆகியிருந்தது.

"கொஞ்சம் சீக்கிரமா வந்துட்டோம்," என்று இறங்கினாள் ஒரு அம்மா. அப்பா பெட்டிகளை எடுக்கப் போனார். பின்சீட்டிலிருந்து இரண்டு சிறுமிகள் குதித்தார்கள்.

"இன்னிக்கு வீடு இல்லைங்க. தயவுசெஞ்சு கிளம்பிடுங்க."

"என்னங்க இது? நாலு மணி நேரம் வண்டியில வந்திருக்கோம். ஏன் இல்ல?"

சொல்லிவிடு என்று அவளுக்குள் ஒன்று கத்தியது. ஒரே வாக்கியம். வருடம் முழுக்கத் தொண்டையில் மீன் முள்ளாக நின்ற வாக்கியம். வாயைத் திறந்தாள்.

"கீசர்ல கோளாறு. மெக்கானிக் சரியா பண்ணாம போயிட்டான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

"அம்மா, பாத்ரூம் வருது," என்று பெரியவள் வாசலைத் தாண்டி ஓடினாள். சின்னவள் அக்காவின் சட்டையைப் பிடித்துக்கொண்டே போனாள். உள்ளே யாரிடமோ பெரியவள் கேட்பது தெளிவாகக் கேட்டது. "அக்கா, பாத்ரூம் எங்க?"

வாசல் கதவு சாத்திக்கொண்டது. தாழ் விழுந்தது.

"உள்ள யாரு இருக்காங்க?" என்றாள் அம்மா.

அவள் திரும்பித் தன் வீட்டுக் கதவையே இடித்தாள். தோளால் மோதினாள். அப்பா பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். வாசலை ஒட்டிய சமையலறை ஜன்னலில் இரண்டு சிறுமிகளும் தெரிந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு கை. நனைந்த கை. விரல் நுனிகள் நீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. சட்டத்தின் ஓரத்தில் வெள்ளை டேப்பை இழுத்து ஒட்டியது. நிதானமாக. வரிவரியாக.

"என்ன பண்றாங்க அவங்க? ஏங்க, சொல்லுங்க!"

அவள் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தாள்.

"நான்தான் அடைச்சேன். மெக்கானிக் இல்ல. நான்தான். நான்தான்மா!"

கை நின்றது. கடைசி இடைவெளி, ஒரு விரற்கடை அகலம். அதன் வழியே வெளியே வந்த காற்று அவள் மணிக்கட்டில் பட்டது. கதகதப்பாக இருந்தது.

அப்பா ஒரு கல்லைத் தேடிப் பனிக்குள் ஓடினார். அம்மா பிள்ளைகளின் பெயரைக் கத்தினாள்.

கை கடைசித் துண்டை எடுத்து வைத்தது. கட்டைவிரலால் நீவியது. ஓரத்திலிருந்து ஓரம் வரை.

கண்ணாடிக்கு உள்ளே சின்னவள் வாயைப் பெரிதாகத் திறந்து கொட்டாவி விட்டாள். அக்காவின் தோளில் தலையைச் சாய்த்தாள்.