கறக்க வந்த கை

அடுத்த வீட்டு எருமை, காம்பில் கை பட்டதும் நடுங்கியது. உதைக்கவில்லை, விலகவுமில்லை, தலையை மட்டும் திருப்பி அனுசூயாவைப் பார்த்தபடியே நின்றது.

கோலாப்பூருக்கு அப்பால் இருந்த அந்தத் தெருவில் கறக்கக்கூடிய கை அவளுடையது ஒன்றுதான். மற்றவர்களின் விரல்களெல்லாம் எருமை அம்மைக் கொப்புளம். நடுவில் குழி விழுந்து, விளிம்பு கறுத்து. பால் கட்டிய மடி கல்லாக இறுகி எருமைகள் கதறுவதைக் கேட்டுக்கொண்டு சோள ரொட்டி தின்ன அவளுக்கு மனம் வரவில்லை. வீடு வீடாகப் போய்க் கறந்து கொடுத்தாள்.

"இனிமே அது என்னைச் சேர்த்துக்காது அண்ணி, நீங்களே ஓட்டிட்டுப் போயிடுங்க." வேப்பிலை அரைத்துப் பூசிய கைகளைத் தூக்கிப் பிடித்தபடி எருமைக்குச் சொந்தக்காரி ஷேவந்தா சிரித்தாள். "உங்க கையை மட்டும் விட்டோபா சாமி காப்பாத்தி வெச்சிருக்கார்."

"வாயாடி! போய்ப் படு, நான் பாத்துக்கறேன்."

இருட்டிக்கொண்டு வந்தது. சாணமும் புளித்த பாலும் கலந்த வாடைக்கு அடியில் இன்னொரு வாடை, சீழின் வாடை, மெல்ல எழுந்தது. காம்பிலிருந்து ஒரு பொருக்கு உரிந்து அவள் உள்ளங்கையில் ஒட்டியது.

போன வாரம், சோப்டே வீட்டு எருமையைத் தொட்டு ஷேவந்தாவுக்குக் கொப்புளம் வந்தபோதுகூட, இந்த மடி சுத்தமாக இருந்தது. இங்கே வருமுன் அனுசூயா சோப்டே வீட்டில் கறந்தாள், அந்த ஈரக் கையோடு. அதற்கு முன் கோயில் பக்கத்து வீட்டில். அவள் போன வழியேதான் நோயும் போயிருந்தது.

விளக்கடியில் கையை விரித்தாள். கட்டைவிரலில் சிவந்த பொட்டு. கொதித்தது.

இதே விரலால்தான் தினமும் குழந்தை முக்தாவுக்கு வாய் துடைத்துவிட்டாள்.

வீட்டுக்கு ஓடினாள்.

பால் ஊற்றப் போன கணவன் தோண்டிராம் இன்னும் திரும்பவில்லை. தூளியில் ஆறு மாதக் குழந்தை முக்தா பசியில் வீறிட்டுக்கொண்டிருந்தது. கைகள் தாமாக நீண்டன. இழுத்துக்கொண்டாள். முந்தானையில் சுற்றி முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள்.

"பாண்டுரங்கா, என் கையை எடுத்துக்கோ. அவளை விட்டுடு."

கை படாமல் மார்பைக் கொடுத்துவிடலாம். கொடுத்துவிடலாம்.

குனிந்தாள்.

அழுகை நின்றது. அம்மாவின் வாசனை கண்டு முக்தா சிரித்தது. பாலுக்கு வாயை அகலத் திறந்தது.

நாக்கு முழுவதும் வெள்ளை வெள்ளையாகக் கொப்புளங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குழி.