நாலாவது மூவில் ஒரு குதிரை

"தோத்துட்டேன்னு ஒப்புக்குங்க சார்!"

கார்டிலேயே காய் நகர்த்தி ஆடுகிற தபால் செஸ்ஸுக்கான கழகம் அனுப்பிய விதித்தாளில் முதல் வரியே, எதிராளியிடம் இதைக் கேட்கவே கூடாது என்பதுதான். ஆண்டாயி கேட்டுவிட்டாள். அதுவும் அரியலூர் பஸ் ஸ்டாண்டில், கொட்டுகிற ஐப்பசி மழையில், முன்பின் பார்த்திராத ஒருத்தனிடம்!

அவன் கையிலிருந்த தபால் கார்டில் அவளுடைய பச்சை மை. அப்படியென்றால் இவன்தான் பெரம்பலூர் குழந்தைவேல்... நாலாவது மூவிலேயே குதிரையைத் தூக்கி இனாமாகக் கொடுத்தவன்.

நிமிர்ந்தான். இமையில் மழைத்துளி. கண்ணா அது... திருட்டு முழி!

"நீங்க... திருமானூர் வெ. ஆண்டாயி, பி.எஸ்ஸியா?"

"ஆமா. குதிரை போயி நாலு மாசமாச்சு. இன்னும் என்ன ஆட்டம்? பொம்பளைன்னு எரக்கப்பட்டு வுட்டுக் குடுத்தீங்களா? எங்க குடும்பத்துல மொத பட்டதாரி நான். ஓசியில எதுவும் வாங்கிப் பழக்கமில்ல."

"ஐயோ, எட்டு பேரோட ஆடறேங்க. எட்டு பேருக்கும் அதே குதிரைதான். ஏழு பேர்கிட்ட தோத்தாச்சு."

"தோப்போம்னு தெரிஞ்சேவா?"

"தப்பான ஆட்டம்தாங்க. ஆனா ஓசிக் குதிரை கெடச்சா ஆளு என்ன செய்யறாங்கன்னு பாக்கணும்... ஏழு பேரும் கமுக்கமா எடுத்துக்கிட்டாங்க. நீங்க மட்டும்தான் அடியில 'ஏன்?'னு எழுதினீங்க."

கார்டைத் திருப்பினான். சட்டைப்பையில் கிடந்து ஓரம் நைந்துபோன அந்தக் கார்டேதான்!

"பதில் எழுதத்தான் தெரியல..."

கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்து தொலைத்தது. நல்லவேளை, திருமானூர் பஸ் வந்தது.

நாலாம் நாள். வீட்டுக் கூடத்தில் தாய்மாமன் முருகையன், அவள் பெட்டியிலிருந்த கார்டுகளையெல்லாம் பரப்பி வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் நாலு இலக்கம்... எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்குக் காய் போகிறது என்பதற்கான எண்.

"6355... இது என்னாடி பாஷை? லவ்வு கோடுன்னு ஊரே சிரிக்குது! இன்னியோட நிறுத்து. தையில எம் மவனுக்குக் கழுத்த நீட்டு."

அப்பா அவளைப் பார்க்காமல் துண்டை உதறினார்.

செஸ், செஸ் என்று நாலு மாசமாய்க் கத்தியாயிற்று. இன்றைக்கு வந்த கார்டு மாமன் கையிலேயே இருந்தது. எண்ணுக்கு அடியில் குழந்தைவேலின் எழுத்து...

'யாராவது ஏன்னு கேப்பாங்களான்னுதான் குதிரையைக் கொடுத்தேன். கேட்டு எழுதின கையை விட மனசு வரல.'

"சொல்லுடி, லவ்வு கோடா இல்லியா?"

"போன வாரம் வரைக்கும் இல்ல மாமா."

"இப்ப?"

"ஆமா."

மாமன் வாயைத் திறக்குமுன் செருப்பை மாட்டிக்கொண்டாள். கைப்பையில் ஒரு கார்டு... அன்றைக்குப் பஸ்ஸிலேயே எழுதி, வறட்டு ரோஷத்தில் தபாலில் போடாமல் வைத்திருந்தது.

'உங்களைப் பிடிச்சிருக்கு. வீட்டுக்கு வந்து கேளுங்க.'

தெருமுனைத் தபால் பெட்டியைப் பார்த்து மழையில் இறங்கி நடந்தாள். அந்தக் கார்டில் எண் ஒன்றுகூட இல்லை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.