நான்காவது பயனர்

சோதனைக்கென்று அவள் உருவாக்கியது மூன்றே மூன்று பயனர்களைத்தான். லாகின் பதிவில் நான்காவதாக ஒரு பெயர் இருந்தது. பெரியம்மா. செயலற்ற கணக்கு. மறுக்கப்பட்டது.

மதியம் மூன்று மணிக்கே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. ஃபேனின் கிறீச்சும், உள்ளறையில் தூங்கும் மகளின் சீரான மூச்சும், ஈரச் சுவரின் வாடையும், அதற்கடியில் எங்கிருந்தோ ஆஸ்பத்திரி நெடியும் கூடத்தில் மெல்லச் சேர்ந்தன. குழந்தைகள் காப்பகம் ஒன்றுக்காகப் பைத்தான் மொழியில் அவள் செய்துகொண்டிருந்த இணையதளம் அது. லாகின் செய்தவர்தான் பிள்ளையை அழைத்துப் போகலாம். இன்னும் எங்கும் ஏற்றவில்லை. எல்லாம் அவள் மடிக்கணினிக்குள்தான்.

அவள் மகளுக்குப் பெரியம்மா ஒருத்திதான். பிள்ளையில்லாத அக்கா. "அவள எங்கிட்டக் குடுத்துடு" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசிவரை கையைப் பிடித்துக் கெஞ்சியவள். செத்து ஒரு வருஷம் ஆகிறது.

பயத்தைவிடக் கோபம் வந்தது. அன்றைக்கே கொடுக்காதவள் இன்றைக்கா கொடுப்பாள்? லாகின் ஃபார்மில் கணக்கைச் சரிபார்க்கும் இடத்தில் தன் சொந்த விதியை எழுதினாள்: இந்தப் பெயர் வந்தால் ‘ஃபால்ஸ்’, அதாவது ‘இல்லை’, என்று திருப்பு.

மறுநிமிடம் பதிவில் ஒரு வரி. பெரியம்மா. அனுமதிக்கப்பட்டது.

ஆபீஸ் சீனியருக்குப் போன் போட்டு, எழுதியதைப் படித்துக் காட்டினாள்.

"ஃபால்ஸ திருப்பினா ஃபார்ம் கண்டுக்கவே கண்டுக்காதும்மா. எர்ரர் எழுப்பினாத்தான் தடுக்கும். செயலற்ற கணக்க அதுவே தடுத்துட்டுதான் இருந்துச்சு. அதே இடத்துல நீ எழுதினதும் அந்தத் தடை போயிடுச்சு."

தானே கதவைத் திறந்துவிட்டிருக்கிறாள். எர்ரர் எழுப்பும்படி திருத்தினாள். அந்தப் பெயரை அடித்துப் பார்த்தாள். மறுக்கப்பட்டது.

"தலைகீழா நின்னாலும் கிடையாதுக்கா," என்றாள் திரையிடம்.

"யாருகிட்டம்மா பேசற? இன்னொண்ணு, ஏற்கெனவே நுழைஞ்சவங்க உள்ளயேதான் இருப்பாங்க. ஃபார்ம் வாசல்ல மட்டும்தான் கேக்கும்."

உள்ளறையில் மகள் சிரித்தாள்.

போன் விழுந்தது. ஓடினாள். நெடி மூக்கை அடைத்தது. கதவைத் தள்ளினாள்.

கட்டிலுக்கு ஒரு சாண் மேலே, வெறும் காற்றில், யாரோ மடியில் வைத்திருப்பதுபோல் குழந்தை உட்கார்ந்திருந்தாள். கண்கள் மூடியிருந்தன. அவிழ்ந்த முடி மூன்றாகப் பிரிந்து, நிதானமாக, தானே பின்னிக்கொண்டிருந்தது.

"கீழ விடு," என்று உள்ளே கால் வைத்தாள்.

பின்னல் நிற்கவில்லை.