மருந்து போட்ட முட்டைகள்

மருந்து போட்ட மீன் முட்டைகள் பிளக்கக்கூடாது. ஆனால் நுணுக்குக்காட்டியின் கீழே அவை பிளந்துகொண்டிருந்தன.

பஸீஹா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். வெளியே வெள்ளவத்தைக் கடலோரமாக மழை கொட்டியது. பின்னேர ரயில் கடந்தபோது ஆய்வுகூடத்து மீன் தொட்டிகளெல்லாம் ஒருமுறை நடுங்கி அடங்க, தண்ணீரிலிருந்து பாசியும் துருவும் கலந்த வாடை எழுந்து அவள் தொண்டையில் தங்கியது. ஒவ்வொரு உயிர்க்கலத்துக்குள்ளும் மெல்லிய இழைகளாலான சாரக்கட்டு ஒன்று உண்டு. மீன் கரு அதைக் கட்டியும் பிரித்தும்தான் வளர்கிறது. அந்த இழைகளைக் கரைக்கிற மருந்து இது. கரைந்தால் கரு நின்றுவிட வேண்டும்.

போன் அடித்தது. கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து றேணுகா மிஸ், ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பானவர்.

"பஸீஹா, மருந்து சரியாப் போட்டனீங்களோ?"

"ஓம் மிஸ். ஆனா நிக்குதில்ல."

"வேறெங்கயும் சிந்தினதோ? கையுறையைப் பாருங்கோ."

போனை வைத்துவிட்டு, கழற்றிப் போட்டிருந்த கையுறையை எடுத்தாள். வலது நடுவிரல் நுனியில் ஊசித் துளை.

துளையை விளக்கில் பிடித்துப் பார்த்தாள். மதியம் ளுஹர் தொழுமுன் கைகால் கழுவி வுழூ செய்தபோது அதே வலக்கையில் தண்ணீர் அள்ளித்தான் வாய் கொப்பளித்தாள். கையைக் கழுவிய பிறகுதானே என்று தன்னைத் தேற்றப் பார்த்தாள். ஆனால் அப்போது நாக்கில் பட்ட கசப்பு இன்னும் போகவில்லை. ஆறு வருடக் காத்திருப்புக்குப் பிறகு வயிற்றில் தங்கிய பிள்ளை. மாதம் இரண்டு. சொன்னால் இந்த வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று கணவன் சப்ரியைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. அந்த நேரம் புத்தி புல் மேயப் போயிருந்தது போலும்.

"யா அல்லாஹ், என்ட புள்ளைக்கு ஒண்டும் ஆகிடக் கூடாது."

மறுபடி குனிந்தாள். கலங்கள் மஞ்சட்கருவின் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தன. அவள் பக்கம். தட்டைத் திருப்பினாள். காத்திருந்தாள். ஊர்ந்து ஊர்ந்து மறுபடி அவள் பக்கமே வந்தன.

எல்லா முட்டையிலும்.

தொட்டி மோட்டார் நின்றது. மீன்கள் அசையவில்லை. கலங்கள் நீண்டன. வால் இல்லை. துடுப்பு இல்லை. மொட்டு மொட்டாக ஐந்து. மடங்கின. விரிந்தன.

விரல்கள்.

பஸீஹா வயிற்றைப் பொத்தினாள். இரண்டு மாதக் கரு அசைவது தாய்க்குத் தெரியாது. அது அவள் படித்தது.

உள்ளிருந்து ஒரு சின்னக் கை அவள் உள்ளங்கையில் பதிந்தது. பிறகு இன்னொன்று.

பிறகு மூன்றாவது.