இடப்பக்கத்துத் தையல்

சட்டையின் வலது கை கச்சிதமாக இருந்தது. இடது கை இல்லை.

"ஒத்தைக் கை சட்டைதான் இப்போ ஃபேஷனா?" என்று வாடிக்கையாளர் சிரித்தார். தையல்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருடமாகத் தைக்கிறாள். இரண்டு கையும் வைத்துத்தான் மடித்தாள். யாரோ பிரித்திருக்கிறார்கள். வீட்டில் இருப்பதோ இரண்டே பேர்: அவளும், ஏழு மாதத்துக்கு முன் அவளுக்குச் சிறுநீரகம் கொடுத்த தங்கையும்.

அன்றிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டாள். மெஷின் எண்ணெயும் புதுத்துணியும் மணக்கும் அந்த அறையில், இடப்பக்கமிருந்து ஏதோ உரசுகிற சத்தம், திரும்பிப் பார்த்தால் சுவர்கூடப் பிடிபடாத ஒரு மங்கல், வைத்த இடத்தில் இல்லாத கத்தரிக்கோல், தோளில் வந்து மோதும் கதவு.

"அக்கா, பாதி சாப்பாடு அப்படியே இருக்கே?"

அவள் கண்ணுக்கு அது வழித்துத் தின்ற தட்டு. தங்கை அதைச் சுற்றித் திருப்பினாள். பாதித் தட்டு சாப்பாடு முளைத்தது. என்ன கண்கட்டு வித்தை இது?

தங்கை இழுத்துப்போன ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்தார். "புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிடக் கூடாதுன்னு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிறோம்ல? அந்தச் சந்துல, சும்மா கிடந்த கிருமி மூளையோட வலப்பக்கத்துக்குப் போயிருக்கு. அதான் இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே உங்களுக்கு உறைக்கல. ரொம்ப அபூர்வம். இன்னைக்கே அட்மிட் ஆகணும்."

தங்கை அழுதாள். நன்றாக நடிக்கிறாள். கொடுத்தது திரும்ப வேண்டுமாக்கும். டாக்டரையும் கைக்குள் போட்டுக்கொண்டாள். கூட இருந்தே குழி பறிக்கிறாள்.

துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்தார்கள். "நீ உட்காருக்கா, வண்டி பிடிச்சிட்டு வர்றேன்" என்று தங்கை போனாள். போனதாகச் சொன்னாள்.

தையல்காரி மெஷினில் உட்கார்ந்தாள். மோட்டார் முனகியது. துணியில் வெயில்.

உரசல்.

இடப்பக்கம்.

மெல்லத் தலையைத் திருப்பினாள். ஒரு கை. துணியின் மேல். வீங்கிய விரல்கள். யாருடையதோ.

"மாட்டுனியாடி."

வலது கையால் பிடித்து இழுத்தாள். கனத்தது. எதிர்க்கவில்லை. ஊசிக்கடியில் வைத்து மிதித்தாள். மெஷின் முக்கி முக்கி ஓடியது. துணி சிவந்தது.

"அய்யோ, அக்கா!"

அலறல் வாசலிலிருந்து வந்தது. அங்கே தங்கை, இரண்டு கைகளாலும் தலையில் அடித்துக்கொண்டு.

இரண்டு கைகள்.

தையல்காரி குனிந்தாள். விரல். மணிக்கட்டு. முழங்கை. அதற்கு மேல் மங்கல்.

வலிக்கவே இல்லை. கால் மிதியைவிட்டு எடுபடவில்லை.