சத்தம் நுழையாத அறை

டிர்ரிங்... டிர்ரிங்...!

ஸ்டேஷன் போன் அலறியது.

ஞாயிற்றுக்கிழமையின் முதல் காபியை உதட்டருகே கொண்டுபோன இன்ஸ்பெக்டர், டம்ளரை வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தாள்.

“போலீஸ் ஸ்டேஷன்.”

மூச்சு இரைப்பு. பிறகு ஒரு குட்டிக் கிசுகிசுப்பு.

“ஆன்ட்டி... அம்மா கீழ விழுந்துட்டா. எழுந்திரிக்க மாட்டேங்கறா...”

“எங்கே இருக்கே கண்ணு?”

பின்னால் ஏதோ உடைந்தது. யாரோ கத்தினார்கள்.

லைன் கட்!

“ஸ்பீக்கர்! ஜீப்பை எடுங்க!”

ஸ்பீக்கர் என்பது கான்ஸ்டபிளின் பட்டப்பெயர். அவர் ரகசியம் பேசினால் அடுத்த தெருவில் பதில் சொல்வார்கள்.

போனில் விழுந்த நம்பர் வீட்டைக் காட்டிக்கொடுத்தது. கதவைத் திறந்தவன் இஸ்திரி கலையாத சட்டையில் இருந்தான். ஹால் மூலையில், கூட்டி ஒதுக்கிய பீங்கான் சில்லுகள். சோபாவில் மனைவி. இடது மணிக்கட்டு வீங்கி, போகக்கூடாத பக்கம் போயிருந்தது.

“ஆம்புலன்ஸ் வருதும்மா. யார் அடிச்சது?”

“நான்தான்” என்றான் அவன்.

இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது. பாத்ரூமில் வழுக்கிய கதைகளையே கேட்டுப் பழகிய காது அவளுக்கு!

“கோபத்துல கை நீட்டிட்டேன். தப்புதான் மேடம். கேஸ் போடுங்க. நாளைக்கு ஜாமீன்ல வந்துடுவேன்.”

“புதுச் சட்டம் தெரியுமா சார்? பிள்ளை பார்க்க அடிச்சாலும், பிள்ளை காதுல விழ அடிச்சாலும் தண்டனை ரெட்டிப்பு. ஜாமீனும் கிடையாது.”

“மனப்பாடமா தெரியும். பாப்பா அவ ரூம்ல இருந்தா. கதவு சாத்தியிருந்துச்சு.”

“ஆமா மேடம்... ரூம்லதான் இருந்தா” என்றாள் மனைவி. உடனே இன்ஸ்பெக்டரை அருகே இழுத்துக் காதில் கிசுகிசுத்தாள். “எம் பொண்ணைக் கூண்டுல ஏத்தி அப்பனுக்கு எதிரா பேச வெச்சுடாதீங்க. ஆறு வயசு மேடம். அதுக்கு நானே அடி வாங்கிக்கறேன்.”

“நாளைக்கே அவர் திரும்பி வந்தா?”

அவள் சில்லுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் உள்ளறைக்குப் போனாள். கட்டிலில் சிறுமி. மடியில் துணி முயல். அதன் கையில், தன் ஜடை ரிப்பனை அவிழ்த்துக் கட்டுப் போட்டிருந்தாள். பக்கத்தில் கார்ட்லெஸ் போன்.

ஒரு கேள்வி கேட்டால் போதும். குழந்தை எல்லாவற்றையும் சொல்லிவிடும். அப்புறம் அதையே கோர்ட்டில், வக்கீல்களுக்கு நடுவே, மறுபடி மறுபடி சொல்ல வேண்டும்.

இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை. கட்டில் ஓரம் உட்கார்ந்து முயலின் காதைத் தடவிக்கொடுத்தாள்.

“ஓ... போன் போட்டது மகாராணிதானா?” அறை வாசலில் அவன்.

“இந்த ரூம்லேர்ந்தா பேசினா?”

“வேற எங்கேர்ந்து? கதவு சாத்தினது சாத்தினபடி இருந்துச்சு மேடம்.”

அவன் பின்னால் நின்ற ஸ்பீக்கரின் சட்டையில் மாட்டிய கேமரா எல்லாவற்றையும் பதிவுசெய்துகொண்டிருந்தது.

“சுவர் வழியா காதுல விழுந்திருக்குமே?”

அவன் சிரித்தே விட்டான்.

“என் தொழிலை நீங்க கேக்கவே இல்லையே! நான் சவுண்ட் ப்ரூஃப் கான்ட்ராக்டர். ஊர்ல பாதி ரெக்கார்டிங் ஸ்டூடியோ நான் கட்டினது. இங்கே ரெட்டைச் சுவர், நடுவுல பஞ்சு, கதவைச் சுத்தி ரப்பர். ஹால்ல யானை பிளிறினாலும் உள்ளே கேக்காது. சோதிச்சுப் பாருங்க!”

“எப்போ கட்டினது?”

“போன வருஷம்.”

“சட்டம் வந்த பிறகா?”

“ரொம்ப யோசிக்கறீங்க மேடம்.”

சிறுமியை வாசலுக்கு வந்திருந்த ஆம்புலன்ஸில் அம்மாவோடு உட்காரவைத்துவிட்டு, சோதனை நடந்தது. உள்ளே இன்ஸ்பெக்டரும் அவனும். ஹாலில் ஸ்பீக்கர்.

கதவு மூடியது.

நிசப்தம். தன் நெஞ்சு அடிப்பது மட்டும் இன்ஸ்பெக்டருக்குக் கேட்டது. ஒரு வருஷமாக இந்த நிசப்தத்தில் ஒரு குழந்தை...

கதவைத் திறந்தாள். ஸ்பீக்கர் கழுத்து நரம்பு புடைக்க ஒரு காதல் பாட்டின் உச்சத்தில் இருந்தார். எதிர்வீட்டு ஜன்னல்கள் படபடவென்று மூடிக்கொண்டிருந்தன.

“எப்படி மேடம் நம்ம குரல்?”

“சுத்தமா கேக்கலை. நான் புண்ணியம் பண்ணியிருக்கேன்.”

“பார்த்தீங்களா!” அவன் முகம் மலர்ந்தது.

“ஒத்துக்கறேன் சார். ஆனா போனுக்குக் கேக்குமோ?”

“போனுக்கு என்ன தனிக் காதா? ஸ்டூடியோ மைக்குக்கே கேக்காது! அதுக்குத்தானே கூப்பிடறாங்க என்னை!”

“ரொம்ப தேங்க்ஸ்.”

இன்ஸ்பெக்டர் தன் செல்போனை எடுத்தாள். “ஸ்டேஷனுக்கு வர்ற கால் எல்லாம் ரெக்கார்டு ஆகும் சார். வர்ற வழியில அனுப்பி வெச்சாங்க.”

தட்டினாள்.

‘அம்மா கீழ விழுந்துட்டா...’

படார்!

‘எந்திரிடி! நடிக்கறியா? அடுத்த தட்டு உன் மண்டையில!’

அவன் முகத்தில் ஈயாடவில்லை!

“உங்க குரல்தானே? என்ன தெளிவு! ரூமுக்குள்ளேர்ந்து பேசியிருந்தா இதுல ஒண்ணுமே விழுந்திருக்காதுன்னு நீங்கதான் சொன்னீங்க. அப்போ பாப்பா நின்னது ஹால்ல. உங்க முதுகுக்குப் பின்னால.”

“அ... அவ சாட்சி சொல்ல மாட்டா!”

“சொல்ல வேண்டாம். ஒரு வார்த்தை பேச வேண்டாம். சாட்சி உங்க சுவர். சர்டிபிகேட் கொடுத்தது நீங்க. கேமரா ஓடிட்டிருக்கு.”

விலங்கு ‘க்ளிக்’ என்றது.

ஆம்புலன்ஸின் திறந்த கதவு வழியாக மனைவி அதைப் பார்த்தாள். நல்ல கையால் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள்.

ஜீப்பில் ஏறும்போது அவன் முனகினான். “லாக்கப்புல... தனி அறையாவது கிடைக்குமா மேடம்?”

“தாராளமா! ஆனா சவுண்ட் ப்ரூஃப் மட்டும் கிடையாது.” இன்ஸ்பெக்டர் கண்ணடித்தாள். “இன்னைக்கு அங்கே காவல் யாரு தெரியுமா?”

முன்சீட்டில் ஸ்பீக்கர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“சாருக்கு மெலடி புடிக்குமா... குத்துப் பாட்டா?”